மிதப்பு: பொருள் காண்க

என் பக்கங்களில் பிழையே இருக்காது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அகராதி அன்று நான்கு மணிக்கு அச்சுக்குப் போகவேண்டும். முதலாளி எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி ஒரு பிழையும் தலைகாட்டாவிட்டால் தலைமைப் பதிப்பாசிரியர் நாற்காலி எனக்குத்தான் என்றும் சொல்லியிருந்தார். பதினொரு வருடம் துணைப் பதிப்பாசிரியராகவே குப்பை கொட்டியவன் நான். காலையிலேயே என் நீல குஷனைக் கொண்டுபோய் அந்த நாற்காலியில் போட்டுவிட்டேன்.

மெய்ப்புப் பார்ப்பது என் மனைவி. அதே அறையில் எதிர் மேசை. இரண்டு மணிக்குத் தலையைத் தூக்கினாள்.

"மிதப்புன்னா என்னங்க அர்த்தம்?"

"போட்டிருக்கேனே, 'தற்பெருமை காண்க'ன்னு."

"போய்க் கண்டேன். அங்க 'மிதப்பு காண்க'ன்னு இருக்கு."

இரண்டையும் எழுதியவன் நானேதான். பொருளே சொல்லாமல் வாசகரை அங்கும் இங்கும் அலையவிட்டிருக்கிறேன். திருத்தினால் முதலாளியிடம் மறுபடி கையெழுத்து வாங்கவேண்டும், நாற்காலி கைநழுவிவிடும்.

"விட்டுடலாமா? யாரு இதைத் தேடப்போறாங்க?"

"மிதப்பு இருக்கறவன் தேடமாட்டான். அவன்கூட குடும்பம் நடத்தறவ தேடுவா."

சிரித்துவிட்டேன். பிறகு எழுத உட்கார்ந்தேன். 'மித என்ற வினையிலிருந்து வந்தது. தன்னைப் பற்றிய திருப்தியில் கால் தரையில் பாவாத நிலை.' நன்றாகத்தான் வந்திருந்தது. அதை நினைத்துப் பூரிக்கத் தொடங்கியவன் சட்டென்று அடக்கிக்கொண்டேன். எடுத்துக்காட்டு வாக்கியம்தான் வரவில்லை. அவள் பேனாவைப் பிடுங்கி எழுதினாள்.

முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் தாளை வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

"'நாற்காலி கிடைக்கும் முன்பே குஷனைக் கொண்டுபோய்ப் போட்டான்; அவ்வளவு மிதப்பு.'"

கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"மொத்த அகராதியிலயும் இதுதான் நல்ல வாக்கியம். பிழையைக் கண்டுபிடிச்சது யாரு, இதை எழுதினது யாரு?"

இரண்டாவதையாவது நான் என்று சொல்ல நாக்கு துடித்தது. "ரெண்டும் என் மனைவிதான்" என்றேன்.

"அப்ப குஷன் அங்கயே இருக்கட்டும். நாளையிலேருந்து அவங்க உட்காரட்டும்."

வலித்தது, பொய் சொல்வானேன். ஆனால் அவளிடம் செய்தியைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்ததும் பாதி வலி போய்விட்டது. மறுநாள் அவள் முதலில் செய்த வேலை, குஷனின் நிறம் பிடிக்கவில்லை என்று சொன்னதுதான். புது உறையை நான்தான் தைத்துக் கொடுத்தேன். தையலில் பிழை இருக்கிறதா என்று அவளையே பார்க்கச் சொன்னேன்.