இன்னும் ரெண்டு குளிர்காலம் ஓடும்

ஒசனாய் இந்த வருடம் வாங்கிய தன்னுடைய வேனை என் டயர் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, இடமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். நவம்பர் கடைசி. பனி மலையிலிருந்து இறங்கி ஆப்பிள் தோட்டங்கள் வரைக்கும் வந்துவிட்டது. கோடை டயரைக் கழற்றிப் பனி டயர் மாட்டுவதற்கு ஊரே ஒரே வாரத்தில் முண்டியடித்துக்கொண்டு வரும் நேரம். பக்கத்து ஊர்க் கடையில் இடம் கிடைக்காததால்தான் அவர் என்னிடம் வந்தார். மூன்று வருடமாக என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போகிறவர், ஒன்றுமே நடக்காததுபோல் சிரித்துக்கொண்டு இறங்கினார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

அவர் முதியோர் பகல் இல்லம் நடத்துகிறவர். காலையில் வேன் வீடு வீடாகப் போய் வயதானவர்களை ஏற்றி வரும்; குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, சாயங்காலம் கொண்டுபோய் விடும். என் தம்பி யோஷிகிதான் அந்த வேனை ஓட்டிக்கொண்டிருந்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஜனவரிக் காலையில், வாய்க்கால் வளைவில் வேன் வழுக்கி மதகுச் சுவரில் மோதியது. பின் இருக்கையில் இருந்த கசாய் அம்மா இறந்துபோனார். முப்பது கிலோமீட்டர் வேகத்தில்தான் போனேன், பிரேக்கை மிதித்தேன், வண்டி எண்ணெயில் போவதுபோல் போய்விட்டது என்று தம்பி ஆயிரம் தடவை சொன்னான். விசாரிக்க வந்தவர்கள் டயரைப் பார்த்தார்கள். தரையைப் பிடிக்கிற பட்டன் வெட்டுகள் ஆழமாக இருந்தன. டயரில் குறை இல்லை, வேகம்தான் காரணம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஒசனாயும் அதைத்தான் சொன்னார். பையன் எப்போதுமே அவசரக்காரன் என்று ஒரு வார்த்தை கூடவே சேர்த்துச் சொன்னார்.

லைசென்ஸ் போனது. எங்கள் ஊரில் லைசென்ஸ் இல்லாதவன் காலில்லாதவன். அதைவிட, கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். இறந்துபோன அம்மாளின் கணவர் கசாய் ஐயா எங்கள் வீட்டார் முகத்திலேயே விழிப்பதில்லை. டயர் மாட்ட மலையைச் சுற்றி அடுத்த ஊருக்குப் போவார். தம்பி பொறுத்துப் பார்த்துவிட்டுத் தெற்கே, பனியே விழாத ஓர் ஊருக்குப் போய்விட்டான். அங்கே சாப்பாட்டு டப்பா நிரப்பும் ஆலையில் வேலை. போன் பண்ணினால் சாப்பிட்டாயா என்று கேட்பான், வைத்துவிடுவான்.

ஒசனாய் வேனின் பின்கதவைத் திறந்தார். உள்ளே நாலு பனி டயர், சக்கரத்தோடு. "இதை மாட்டிடும்மா சிகுசா. ஞாயித்துக்கிழமை வகுப்புல நானே இந்த வண்டிய ஓட்டிக் காட்டப் போறேன். திங்கட்கிழமையிலேருந்து கிழடுங்கள ஏத்த ஆரம்பிச்சிடும்."

வருடா வருடம் டிசம்பர் முதல் ஞாயிறு, மூடிப்போன பள்ளிக்கூடத்து மைதானத்தில் பனிச்சாலை வகுப்பு நடக்கும். ஊர்ச் சாலைப் பாதுகாப்புச் சங்கத்துக்குத் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அவரேதான்.

முதல் டயரை உருட்டி இறக்கினேன். விரல் நகத்தை வைத்து அழுத்தினேன். பனி டயர் என்றால் நகம் கொஞ்சமாவது உள்ளே போக வேண்டும், இது போகவில்லை. வாங்கிய நாளில் மாவுபோல் இருக்கும் ரப்பர்தான் வருடம் ஆக ஆக இறுகிப்போகும். பட்டன் ஆழமாகவே இருக்கும், ஆனால் ஐஸைப் பிடிக்காது. ஓரத்தில் குத்தியிருந்த வருடத்தைப் பார்த்தேன். பதின்மூன்று வருடப் பழசு. பிறகு டயரைப் புரட்டி உட்பக்கம் பார்த்தேன். மஞ்சள் பெயிண்டில் 'வலது பின்' என்று எழுதி, கீழே ஓர் ஆப்பிள் வரைந்திருந்தது.

கழற்றும்போது எந்தப் பக்கத்து டயர் என்று எல்லோரும்தான் எழுதி வைப்போம். ஆனால் கீழே ஆப்பிள் வரைகிற கோமாளி இந்த ஊரில் ஒருத்தன்தான், என் தம்பி. மோதி நசுங்கிய வண்டியை இரும்புக் கடைக்குப் போட்ட மனுஷன், அதன் டயரை மட்டும் பத்திரமாகக் கொட்டகையில் எடுத்து வைத்திருக்கிறார்.

கோபத்திலும் தொழில் மறக்கவில்லை. இது கல்லாகிவிட்டது, மாட்டக்கூடாது என்று ஒரு தடவை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் பட்டனுக்குள் விரலை விட்டுக் காட்டினார்.

"ஆழத்தப் பாரு. இன்னும் ரெண்டு குளிர்காலம் ஓடும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இது, இதுக்கு டயர் எதுவா இருந்தா என்ன? நீ புது டயர் விக்கப் பாக்கறே."

நாலு சக்கரமும் இழுத்தால் கிளம்புவதற்குத்தான் சுகம். நிற்பதற்கு எல்லா வண்டிக்கும் அதே நாலு டயர்தான், கனமான வண்டி என்றால் இன்னும் மோசம். இதை எங்கள் ஊரில் கார் வாங்குகிற ஒவ்வொருவரிடமும் நான் தொண்டை வற்றச் சொல்கிறேன். அவரிடம் சொல்லவில்லை.

"சரி முதலாளி, நீங்க சொன்னா மாட்டிடறேன். ஞாயித்துக்கிழமை காலையில நானே மைதானத்துக்குக் கொண்டு வந்துடறேன்" என்றேன். இத்தனை இனிப்பாக என் புருஷனிடம்கூட நான் பேசியது கிடையாது.

யாரிடமாவது போய் முறையிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அக்காக்காரி தம்பிக்குப் பரிந்து பேசுகிறாள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பட்டன் இன்னும் ஆழமாகத்தான் இருக்கிறது. டயர்தான் காரணம் என்பது என் வாயிலிருந்து வந்து பயனில்லை. அது அவர் வாயிலிருந்து வர வேண்டும். ஊர் முன்னால், உரக்க. அந்த வாரம் முழுக்க நட்டு முடுக்கும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு முடுக்கினேன்.

ஞாயிறு காலை வேனை ஆள் நடக்கும் வேகத்தில் உருட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். மைதானத்தில் தண்ணீர் பாய்ச்சி இரவெல்லாம் உறையவிட்டு, கண்ணாடிபோல் ஆக்கி வைத்திருந்தார்கள். நிற்க வேண்டிய இடத்தில் சிவப்புக் கோடு, அதற்கப்பால் காலி ஆப்பிள் பெட்டிகளின் அடுக்கு, அதற்கும் பின்னால் மெத்தென்று குவித்த பனிமேடு. எல்லோரும் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, சூடான காப்பி டப்பாவைக் கைக்குள் உருட்டியபடி நின்றார்கள். ஒசனாய் மட்டும் பளபளக்கும் தோல் காலணியில், தோளில் சங்கத்துப் பட்டையோடு வந்தார்.

பேச்சும் வழக்கமான பேச்சுதான். அவசரம் கூடாது. இடைவெளி வேண்டும். பிறகு வருடம் தவறாமல் சொல்வது வந்தது. நம்மூரில் ஓர் இளைஞன் இருந்தான், முப்பதில்தான் போனேன் என்று சாதித்தான், ஒரு பாவப்பட்ட அம்மாள் போய்ச் சேர்ந்தார். பெயர் சொல்லமாட்டார். ஆனால் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பும். "முப்பதுல போனா நிக்காத வண்டி உலகத்துல உண்டா?" என்று கேட்டுச் சிரித்தார். முன்வரிசையில் கசாய் ஐயா தலை குனிந்து நின்றார்.

நான் கையைத் தூக்கினேன். அப்படியென்றால் அதே முப்பதில் இன்றைக்குப் பிரேக் போட்டுக் காட்டலாமே, முதலில் நான் ஓட்டுகிறேன், பிறகு தலைவர் ஓட்டட்டும் என்றேன். கூட்டத்துக்குக் குஷி. என் கடைக் குட்டி வேன் முன்சக்கரம் மட்டும் இழுக்கிற பொடி வண்டி. டயர் மட்டும் போன குளிர்காலத்துக்கு வாங்கியது. முப்பதில் வந்து மிதித்தேன். கறகறவென்று நடுங்கிக்கொண்டே போய், கோட்டுக்கு ஒரு வண்டி நீளம் முன்னாலேயே நின்றது.

தீப்பெட்டி வண்டி நிற்காமல் என்ன செய்யும் என்று ஒசனாய் கிண்டலடித்துவிட்டுத் தன் வேனில் ஏறினார். வேகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு சாட்சி வேண்டும் என்றேன். சங்கத்து ஆள் யாராவது ஏறுவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"நான் உக்காந்து பாக்கறேன்" என்றார் கசாய் ஐயா.

எண்பது வயது மனுஷர். வேண்டாம் ஐயா, நீங்கள் ஏற வேண்டாம் என்று முன்னால் போய் மறித்தேன். அவர் மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "உன் தம்பி பொய் சொன்னானா இல்லியான்னு எனக்குத் தெரியணும்மா" என்று சொல்லிவிட்டு ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். அந்த இடத்தில் எல்லாவற்றையும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். பனிமேடு மெத்தென்று இருக்கிறது, முப்பதுதான், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழி வாங்குகிறவளுக்கு அவ்வளவு நல்ல மனசு இருக்காது.

வேன் வந்தது. பிரேக் விளக்கு எரிந்தது. சக்கரம் நாலும் இறுகி நின்றதைக் கண்ணால் பார்த்தோம். வண்டி மட்டும் நிற்கவில்லை. துளி வேகம்கூடக் குறையாமல் சிவப்புக் கோட்டைத் தாண்டி, பின்பக்கம் மெல்லத் திரும்பி, ஆப்பிள் பெட்டிகளைச் சிதறடித்துக்கொண்டு பனிமேட்டில் பக்கவாட்டில் போய்ப் புதைந்தது.

ஒசனாய் கதவைத் தள்ளி, பனியில் உருண்டு எழுந்தார். பட்டை கழுத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, முகம் பீட்ரூட்டாகிவிட்டது. நான் மூன்று வருடம் காத்திருந்தது அவர் வாயிலிருந்து வந்தது.

"டயரா இது? கல்லு. இதைப் போட்டுட்டு எவன் ஓட்டினாலும் நிக்காது. யாரைக் கொல்லப் பாத்தே நீ?"

"கல்லுதான் முதலாளி. நானும் அன்னிக்கே சொன்னேன். ரெண்டு குளிர்காலம் ஓடும்னு நீங்கதான் கொடுத்தீங்க" என்றேன்.

ஜாக்கியைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். பனியைத் தள்ளி, அடியில் பலகை வைத்துத் தூக்கி, வலது பின் சக்கரத்தைக் கழற்றினேன். யாரும் தடுக்கவில்லை. கசாய் ஐயா முன்னால் அதை உருட்டிக்கொண்டுபோய் உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். மஞ்சள் ஆப்பிள் கொஞ்சமும் அழியவில்லை. அந்த ஆப்பிள் அவருக்குத் தெரியும். அவர் மனைவியை ஏற்றப் போகும்போதெல்லாம் வேன் கண்ணாடியில் படிந்த ஆவியில் தம்பி அதே ஆப்பிளை வரைந்து அந்த அம்மாளைச் சிரிக்க வைப்பான்.

"முள்ளு சரியா முப்பதுலதான் நின்னுது" என்றார் கசாய் ஐயா, எல்லோருக்கும் கேட்கும்படி. அப்புறம் குனிந்து ஆப்பிளின்மேல் கையை வைத்தார். "இதுமேலதான் போனாளா அவ?"

"ஆமாங்கய்யா."

அவர் அந்தச் சக்கரத்தின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஒசனாய் என்னவோ விளக்கம் சொல்ல வந்தார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. ஒருத்தர் பின் ஒருத்தராக வந்து ஆப்பிளைப் பார்த்துவிட்டு விலகினார்கள். சக்கரத்தைக் கொடுங்கள், வண்டியை எடுக்க வேண்டும் என்று ஒசனாய் கசாய் ஐயாவிடம் கேட்டார்; அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, வேறு டயர் ஒரு செட் இருக்குமா, எவ்வளவானாலும் சரி என்று கேட்டார்.

"வரிசை இருக்குங்க முதலாளி. பனி உருகினப்புறம், ஏப்ரல்ல வாங்க" என்றேன்.

திங்கட்கிழமை அந்த வேன் யாரையும் ஏற்றவில்லை. நாலு டயரும் இப்போது கசாய் ஐயா வீட்டில் இருக்கின்றன; மறுபடி விசாரிக்கச் சொல்லி அவரே மனு கொடுத்திருக்கிறார். யோஷிகி நம்பரை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டும் போனார். ஆனால் என் நெஞ்சு குளிர்ந்தது அதனாலெல்லாம் இல்லை.

அன்றைக்கு ஒசனாயை வீட்டில் விடுகிறேன் என்று ஒரு வண்டிகூட நிற்கவில்லை. பனியில் ஒருத்தரை நடக்கவிட்டுப் போகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. அன்றைக்கு இருந்தது. அந்தத் தோல் காலணியில் அவர் நீளமாக எட்டு வைத்துத் தபால் நிலையத்தைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை விழுந்தார். பாதத்தை முழுசாகப் பதித்து, குட்டிக் குட்டி அடியாக எடுத்து வைத்தால் வழுக்காது. எங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம், எப்போதும் காரிலேயே போனவர் மறந்துவிட்டார். குட்டி வேனில் அவர் பின்னாலேயே மெதுவாகப் போய், கண்ணாடியை இறக்கிச் சொல்லியிருக்கலாம். பின்னாலேயேதான் போனேன். கண்ணாடியை இறக்கவில்லை.