முன்னறை, பதினான்கு நாள் இரவல்

உயிலை நிறைவேற்றும் பொறுப்பை அப்பா தன் நண்பரான ஓய்வுபெற்ற நூலகரிடம் விட்டுப்போனதுதான் டெய்லருக்கு வந்த முதல் சோதனை. ஊரில் அந்த நூலகருக்கு 'முத்திரை' என்று பெயர். துப்பறியும் நாவல் படித்துக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து, தவணை முடிந்தது என்று கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில் புத்தகத்தைப் பிடுங்கி வந்தவர். கொலைகாரன் யாரென்று தெரியாமல் அந்த மனுஷன் இன்னமும் தெருவில் எல்லாரையும் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு திரிகிறார்.

இரண்டாவது சோதனை, தங்கை. வீடு இருவருக்கும் பொது; எந்த அறை யாருக்கு என்பதை முத்திரை முடிவுசெய்வார் என்றது உயில். தெருவைப் பார்த்திருந்தது முன்னறை ஒன்றுதான். டெய்லர் தன் வாடகைக் கடையை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். முன்னறை கிடைக்காவிட்டால் மெஷினோடு நடுத்தெருதான். தங்கையோ அதே அறையைப் பியூட்டி பார்லருக்குக் கேட்டாள்.

முத்திரை அசரவில்லை. தட்டு, தலையணை, கதவுக் கொண்டி என்று எல்லாவற்றிலும் எண் ஒட்டினார். மூன்று நாள் அசையாமலிருந்த ஒரு பல்லிக்கும் எண் விழுந்தது: முந்நூற்றுப் பன்னிரண்டு. வாசலில் 'அமைதி காக்கவும்' பலகை. குரல் உயர்ந்தால் வெளியே, மறுநாள்தான் பேச்சு. ஒன்பது நாளும் அண்ணனும் தங்கையும் செருப்பைக் கழற்றிய சூட்டோடு மாட்டிக்கொண்டு போனார்கள்.

பத்தாம் நாள் கிசுகிசுப்பாகச் சண்டை போடப் பழகியிருந்தார்கள்.

"அப்பாவுக்கு ஒரு சட்டையாவது ஒழுங்கா தைச்சியாண்ணா?" என்றாள் தங்கை காதோடு.

"நீ அவர் தலைக்கு அடிச்ச டை மழையில கரைஞ்சுதானே அந்தச் சட்டையே கறுப்பாச்சு?"

கிசுகிசுப்பில் கோபம் நிற்கவில்லை. தங்கை வாயைப் பொத்தினாள். டெய்லருக்குச் சிரிப்பு மூக்கு வழியே வந்தது.

"ரெண்டு பேரும் வெளியே," என்றார் முத்திரை.

மறுநாள் தீர்ப்பு வந்தது. ஒரே புத்தகத்தை இருவர் கேட்டால் என்ன முறையோ, அதுவே இதற்கும். தங்கைக்குப் பதினான்கு நாள், அப்புறம் டெய்லருக்குப் பதினான்கு நாள். அட்டையில் தேதி குத்தினார்.

"மாமா, மெஷினைத் தூக்கிட்டு ஓடிட்டே இருந்தா எப்ப தைக்கிறது?"

"என் பார்லர் கண்ணாடியும் ஒரு தடவை தூக்கினாலே உடைஞ்சிடும் மாமா," என்றாள் தங்கை. பிறந்ததிலிருந்து அண்ணன் பக்கம் அவள் பேசியது அதுவே முதல் தடவை.

அன்றே டெய்லர், வாங்க ஆள் வராத ஜாக்கெட் துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு திரை தைத்தார். தங்கை அதை முன்னறையின் நடுவில் தொங்கவிட்டாள்.

முத்திரைக்கு முகம் வெளுத்தது. "அறையை ரெண்டாக் கிழிச்சிட்டீங்களே! கிழிஞ்சதை நான் கையாலயும் தொடமாட்டேன், முத்திரையும் குத்தமாட்டேன்."

மாதம் முடிய ஒரு நாள் பாக்கி. டெய்லர் மெதுவான குரலில் சொன்னார்: "கிழிக்கல மாமா. இது பக்க அடையாளம். ஒரே புத்தகம்தான், இந்தப் பக்கம் அவ படிக்கிறா, அந்தப் பக்கம் நான்."

முத்திரை பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்துச் சாயங்காலம்வரை புரட்டினார். "சேர்ந்து படிக்கக்கூடாதுன்னு எங்கயும் போடலியே," என்று வருத்தத்தோடு திரையின் ஓரத்தில் முத்திரை குத்தினார்.

இப்போதும் பதினான்கு நாளைக்கு ஒருமுறை வந்து புதுப்பித்துக் கொடுக்கிறார். ஆனால், முன்னறைச் சாவியை நிரந்தரமாக ஒப்படைக்கவில்லை; அதுவும் இரவல்தான்.

"முந்நூத்திப் பன்னண்டு எங்கே?" என்று சுவரில் தேடுகிறார்.

"அண்ணன் பக்கம்தான் போச்சு மாமா."

"பொய் மாமா, இவ பார்லர்லதான் இருக்கு," என்கிறார் டெய்லர், கிசுகிசுப்பாக.