காய்ந்த முதுகு

கணவரின் சட்டையைத் துவைக்க எடுத்தபோதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையில் உலைக்கு முன்னால் நிற்கிற ஆளின் சட்டை. முன்பெல்லாம் முதுகில் உப்புப் பூத்திருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வாளியில் போட வேண்டும். இப்போது கடையில் மடித்து வைத்ததுபோல இருந்தது. வேலைக்குத்தான் போகிறீர்களா, எங்காவது உட்கார்ந்து கதையளக்கிறீர்களா என்று கேலி செய்தேன். அவருக்கு ஒரே பெருமை. உலையடியில் அவருக்கு 'ஐஸ்கட்டி' என்றே பெயர் விழுந்துவிட்டதாம்.

அங்கே ஒரு வழக்கம். கடிகாரம் பார்த்து யாரையும் ஓய்வுக்கு அனுப்புவதில்லை. மேஸ்திரி வந்து ஒவ்வொருவர் முதுகிலும் கை வைத்துப் பார்ப்பார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தால் வெளியே போய்க் காற்று வாங்கலாம். காய்ந்திருந்தால் நிற்க வேண்டியதுதான். இவர் நின்றுகொண்டே இருந்தார். அடுத்த மேஸ்திரி இவர்தான் என்று பேச்சும் அடிபட்டது.

ஒரு நாள் சாப்பிட்டு எழுந்தவர் கண் இருட்டிச் சுவரைப் பிடித்தார். இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப்போனேன். பல வருஷத்துச் சர்க்கரை நரம்பை அரித்துவிட்டது என்றார் டாக்டர்.

"கை கால அசைக்கிற நரம்பு இல்லம்மா. நம்மளக் கேக்காம தானா வேலை பாக்குற நரம்பு. இனிமே சரியா வேர்க்காது. உள்ள போன சூடு வெளிய வர வழியில்ல. உலைப் பக்கமே போகக் கூடாது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வேறு வேலை கேளுங்கள் என்று மன்றாடினேன். அது முடியாவிட்டால் குழாயடியில் சட்டையையாவது நனைத்துக்கொள்ளுங்கள், மேஸ்திரி வெளியே அனுப்பிவிடுவார் என்றேன். அதற்குத்தான் கோபம் வந்தது.

"இத்தனை வருஷத்துல இப்பதான் என்னை நாலு பேரு நிமிந்து பாக்குறாங்க. அதையும் கெடுத்துடாத."

மறுநாள் அவர் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெயில் வேறு கொளுத்தியது. ஜென்மத்துக்கும் என்னோடு பேசாவிட்டாலும் சரி, மேஸ்திரியிடம் நானே சொல்லிவிடுவது என்று தொழிற்சாலைக்கு ஓடினேன்.

வாசல் சுவரின் நிழலில் உலைக்காரர்கள் எல்லோரும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தார். மேஸ்திரியும் அங்கேதான் இருந்தார். இவரை மட்டும் காணவில்லை.

"அவரு எங்கண்ணே?"

"உள்ளதாம்மா. ஃபேன் நின்னுபோச்சு, எங்களால முடியல. ஐஸ்கட்டிக்கு என்ன? இப்பதான் தொட்டுப் பாத்துட்டு வர்றேன். முதுகு அடுப்பு மாதிரி சுடுது, ஒரு பொட்டு ஈரம் இல்ல."

சிரித்துக்கொண்டே மேஸ்திரி தன் உள்ளங்கையை ஈரத் துண்டில் பொத்தி வைத்துக்கொண்டார்.