கடல் பக்கம்

நவ்ரீனுக்கு வாய் கொஞ்சம் நீளம். பந்தயத்துக்கு முந்தின நாள், கோயம்புத்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்திருந்த பெண்களிடம், "எண்ணூர் ரோடா? அது எங்க வூட்டு வாசல் மாதிரி. கண்ண மூடிக்கினு ஓட்டுவோம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

சொன்னது பொய் என்று சொல்ல முடியாது. தண்டையார்பேட்டை நவ்ரீனும் காசிமேட்டு மீனவர் வீட்டுப் பெண் பவானியும் வருஷக்கணக்காக விடியற்காலையில் அந்தக் கடலோரச் சாலையில்தான் சைக்கிள் மிதிக்கிறார்கள். மிதித்த விதத்தில்தான் கோளாறு. துறைமுகத்துக் கண்டெய்னர் லாரி ஒன்று வந்தால் போதும், அதன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வார்கள். லாரி காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பின்னால் இவர்கள் பறப்பார்கள். லாரி வராத நாளில், கடல் பக்கத்து ஓரத்தில் துறைமுகத்துக்காக வரிசை கட்டி நிற்கிற லாரிகள் மதில் சுவராக நின்று காற்றைத் தடுக்கும். ஊரே அந்த லாரிகளைத் திட்டியது, இவர்கள் மட்டும் கும்பிட்டார்கள். அந்தச் சாலையில் காற்று என்று ஒன்று இருப்பதே, கடலோரத்தில் பிறந்த பவானிக்குக்கூட மறந்துவிட்டது.

இது மாநில சாம்பியன்ஷிப். இருபத்துமூன்று வயதுக்கு உட்பட்ட பெண்கள் பிரிவில் முதல் இரண்டு பேர் தேசியப் போட்டிக்குப் போவார்கள். நவ்ரீன் ஒரு வருஷம் பஞ்சராகி நின்றாள், போன வருஷம் மூன்றாவதாக வந்து வீட்டில் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் கிடந்தாள். இந்தப் பிரிவில் அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

"ரெண்டு எடம் கீது, நாமளும் ரெண்டு பேரு. கணக்கு சரியாப் பூட்ச்சு, வுடு" என்று பவானி சிரித்தாள்.

மேடே இல்லாத சாலை. அதனால் கூட்டம் கலையாமல் கடைசி வரை வரும், முடிவில் யார் வேகமாகப் பாய்கிறார்களோ அவர்களுக்கே வெற்றி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்தப் பாய்ச்சலில் நவ்ரீனை அடிக்க ஆளில்லை. அதுவரை கூட்டத்தின் பின்னால் ஒளிந்து கால் வலுவைச் சேமித்து வைப்பது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

ஆனால் காலையில் பாதையைப் பார்த்ததும், அவர்களுடைய கிளப்பை நடத்துகிற சைக்கிள் கடைக்காரர் பிராங்கிளின் தலையைச் சொறிந்தார். சாலையில் பாதியைத் துறைமுக லாரிகளுக்கு விட்டுவிட்டு, கடல் பக்கத்துப் பாதியைப் பந்தயத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பாதியையும் போக ஒன்று, வர ஒன்று என்று ஆரஞ்சுக் கூம்புகளை வைத்துப் பிரித்திருந்தார்கள். ஓரத்து லாரி வரிசையைக் காணோம்.

"இன்னாமா இது, ரோடே எளச்சுப் பூட்ச்சு!" என்றார் பிராங்கிளின்.

ஆண்கள் பந்தயம் இழுத்துக்கொண்டே போனது. பெண்கள் திருவொற்றியூரிலிருந்து வடக்கே கிளம்பும்போது வெயில் ஏறி, கடல்காற்று எழும்பிவிட்டது.

காற்று எதிரே வந்தால் முன்னால் போகிறவளின் முதுகுக்குப் பின்னால் ஒளியலாம். பக்கத்திலிருந்து அடித்தால் அவளுக்குப் பக்கவாட்டில், ஒருத்திக்கு ஒருத்தி சற்றுப் பின்தங்கி, படிக்கட்டு மாதிரி சாய்வாக ஒதுங்க வேண்டும். படிக்கட்டு எவ்வளவு நீளம் என்பதைச் சாலையின் அகலம்தான் தீர்மானிக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றிலேயே வளர்ந்த கோயம்புத்தூர் டெபோராவுக்கு இது பால பாடம். எண்ணூர்த் திருப்பத்தில் வளைந்து தெற்கே திரும்பியதும், கடல் இடப்பக்கம் வர, அவள் ஓரத்தைப் பிடித்து முழு மூச்சாக மிதித்தாள். அவளுக்கு வலப்பக்கமாகப் படிக்கட்டு விரிந்தது. ஐந்து பேருக்கு இடம் இருந்தது. அதற்கு மேல் கூம்புகள்.

எப்போதும் முன்னால் ஓட்டுகிற பவானி அந்த ஐந்தில் இருந்தாள். பின்னால் ஒளிந்திருந்த நவ்ரீன் ஆறாவது. கூம்புகள் வலது முழங்காலை உரச, காற்று மொத்தமும் அவள் மேல் இறங்கியது. சேமித்த கால் சில நிமிஷங்களில் வெந்துபோனது. முன்சக்கரத்துக்கும் அந்த ஐவருக்கும் நடுவே ஒரு லாரி நுழையும் அளவு இடைவெளி விழுந்தது. அவ்வளவுதான், போச்சு என்று அவள் நினைத்தாள்.

அப்போது பவானி திரும்பிப் பார்த்தாள். மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்தாள்.

"என் வலப்பக்கம் வா!"

"நீ போடி! ஒன் எடம் பூடும்!"

"பேசாத. மிதி!"

கடல் பக்கத்தில் பவானி, அவளுக்கு இந்தப் பக்கம் நவ்ரீன். காற்று சட்டென்று நின்றது போலிருந்தது. பவானியின் மூச்சு மட்டும் கேட்டது, கிழிந்த படகுப் பாய் போல அது படபடத்தது. அங்குலம் அங்குலமாக இடைவெளி மூடியது. முன்னால் இப்போது நான்கு பேர். ஐந்தாவது இடம் காலியாக இருந்தது.

"பூந்துக்கோ" என்று சொல்லி பவானி விலகினாள்.

நவ்ரீன் புகுந்தாள். ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பவானி தனியாக, தலை தொங்கி, சின்ன உருவமாகிக்கொண்டிருந்தாள்.

திருவொற்றியூரில் கோடு தெரிந்ததும் நவ்ரீன் பாய்ந்தாள். டெபோரா அரைச் சக்கரம் முந்தி முதலாவதாக வந்தாள். நவ்ரீன் இரண்டாவது. பிராங்கிளின் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். அவளோ தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். யார் யாரோ வந்த பிறகு, முகமெல்லாம் உப்புப் பூத்து பவானி வந்தாள்.

"இன்னாத்துக்குடி இப்டிப் பண்ண? அந்த எடம் ஒன்னுது."

"அதுல இருந்தா அஞ்சாவதா வந்திருப்பேன். கடைசிப் பாய்ச்சலுக்கு எனக்குக் கால் வராது, தெரிஞ்சதுதான? நீ இருந்தா ஒரு எடமாவது நம்மளுக்கு. எனக்கு இன்னும் வருசம் கீது. அழுது பேஜார் பண்ணாத, பிரியாணி வாங்கிக் குடு."

அது பாதி உண்மை. மீதிப் பாதி என்ன என்பது நவ்ரீனுக்குத் தெரியும்: கையில் இருந்த வாய்ப்பை யாரும் அப்படித் தூக்கிக் கொடுப்பதில்லை. நன்றி என்ற சொல் அதற்குப் போதாது. ஆனாலும் வேறு சொல் கிடைக்காமல், வியர்வையோடு அவளைக் கட்டிப்பிடித்து அதையே சொன்னாள். தான் பிறந்தபோதுகூடத் தன் அம்மா கடவுளுக்கு இவ்வளவு நன்றி சொல்லியிருக்க மாட்டாள் என்று அவளுக்குத் தோன்றியது.

மாலையில் இருவரும் சைக்கிளிலேயே வீட்டுக்குக் கிளம்பினார்கள். சாலை திறந்துவிட்டது. பழக்கமான டிரைவர் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டு கண்டெய்னர் லாரியில் கடந்து போனார்.

"லாரிடி! புடி, புடி!" என்றாள் பவானி.

"போவட்டும். நீ இந்தாண்ட வா" என்று நவ்ரீன் கடல் பக்கத்து ஓரத்துக்கு மாறினாள். "வூடு வர்ற வரைக்கும் இந்தப் பக்கம் என்னுது."

காற்று அவள் இடது காதில் அடித்தது. பவானி சற்றுப் பின்தங்கி, நவ்ரீனின் வலது தோளுக்குப் பக்கத்தில் வந்து ஒதுங்கிக்கொண்டாள்.