ஊருக்குப் போகாமலே போனவர்

எங்கள் ஆபீஸ், ராணுவக் குடியிருப்பின் நடுவில், ரேஷன் ஸ்டோருக்கும் சலூனுக்கும் இடையில் இருக்கிற ஒற்றை அறை. ஒரு மேசை, நான்கு நாற்காலி, சுற்றுவதைவிட முனகுவதை அதிகம் செய்யும் ஒரு ஃபேன். வாசலில் 'படைவீரர் குடும்ப நல மையம்' என்று பெரிதாகப் போர்டு தொங்கினாலும் இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. அக்கா ஆபீஸ் என்பார்கள். அந்த அக்கா நான்தான். பதினான்கு வருஷமாக இந்த நாற்காலியைத் தேய்க்கிறேன். அதற்கு முன்னால் நானும் ஒரு சிப்பாயின் மனைவியாக ஒன்பது வீடு மாறி, ஒன்பது வீட்டிலும் குக்கர் வெயிட்டைத் தொலைத்தவள்.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீட்டுக்காரர் ஒரு வருஷம் கண்காணாத இடத்துக்குப் போகும்போது வீடு கவிழாமல் பார்த்துக்கொள்வது. இதற்காக முப்பத்தேழு வரியில் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். மெயின் வால்வு எங்கே, மாற்றுச் சாவி யாரிடம், ஸ்கூலில் அப்பா கையெழுத்து கேட்டால் யார் போடுவது என்று எல்லாம் அதில் இருக்கும். படிவத்தை நிரப்புவது எளிது. நிரப்பியதைச் செய்து பார்ப்பதுதான் கஷ்டம். அதனால் கிளம்புவதற்கு முன் வருகிற லீவில் மூன்று நாள் ஒத்திகை வைப்பேன். அந்த மூன்று நாளும் கணவன் வீட்டிலேயே இருப்பான், ஆனால் இல்லை. அவனோடு யாரும் பேசக்கூடாது, எதுவும் கேட்கக்கூடாது. அவனும் வாயைத் திறக்கக்கூடாது, எதையும் தொடக்கூடாது. தினம் ஒரு தடவை, கொல்லைக் கதவுப் பக்கம் நின்று பத்து நிமிஷம் 'போன்' பேசிக்கொள்ளலாம். ஆரம்பத்தில் கணவன்மாரை முகாமுக்கே அனுப்பிப் பார்த்தேன். அரை மணிக்கு ஒரு தடவை நிஜமாகவே போன் போட்டு உயிரை வாங்கினார்கள். கண் முன்னால் உட்கார்ந்து சும்மா இருக்கப் பழகட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு.

இந்தத் தடவை ஒத்திகை ஸ்பானர் வீட்டில். ஸ்பானர் என்பது பட்டப்பெயர், ஆள் லாரிப் பிரிவில் மெக்கானிக். நல்ல பையன், ஆனால் சும்மா இருக்கும் பொருளைக் கண்டால் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டான். அவன் மனைவி டவுனில் ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்பவள். மூன்று இடமாற்றத்துக்குப் பிறகு கிடைத்த வேலை அது. அஞ்சு வயசில் ஒரு பாப்பா, அதற்கு இது மூன்றாவது ஸ்கூல்.

ஒத்திகைக்கு இரண்டு நாள் முன்னால் அவள் என் ஆபீசுக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அக்கா, மாமா வந்திருக்காரு. ஒரு வருஷமும் நானும் பாப்பாவும் அவர் வீட்டுலதான் இருக்கணுமாம். ஸ்கூல்ல டி.சி. வாங்க ஃபாரம்கூட எடுத்துட்டு வந்துட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"இந்தத் தடவை பெட்டி கட்டமாட்டேன்னு சொன்னேன். வேலையை விட்டா மறுபடி கிடைக்காது அக்கா. பாப்பாவும் இப்பதான் ஒரு ஃப்ரெண்டைப் பிடிச்சு வெச்சிருக்கா."

மாமனார் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். நான் போய்ப் பேசினேன். என்னையே டிக்கெட் இல்லாமல் ஏறியவளைப் போலத்தான் பார்த்தார். கடைசியில் ஒரு பந்தயத்துக்கு இறங்கி வந்தார். மூன்று நாளும் அவர் வீட்டிலேயே இருந்து கவனிப்பார். மருமகள் மகனிடம் ஒரே ஒரு உதவி கேட்டாலும் பெட்டியைக் கட்டவேண்டும். கேட்காவிட்டால் இங்கேயே இருக்கலாம்.

"நான் கறார் பேர்வழிம்மா, முன்னாடியே சொல்லிட்டேன்," என்றார்.

"நானும் அப்படித்தான் ஐயா," என்றேன். காலையும் சாயங்காலமும் வந்து பார்த்து எழுதுவது என் பொறுப்பு.

முதல் நாள் காலையில் நான் போனபோது ஸ்பானர் கூடத்து நாற்காலியில் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். பாப்பா கையில் தட்டோடு வந்து, நேராக அவன் மடியில் ஏறி உட்கார்ந்தது.

"பாப்பா, அப்பாதான் இங்க இல்லையே," என்றேன்.

"நான் நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன்," என்றது பாப்பா. "இன்னிக்கு நாற்காலி மெத்துனு இருக்கு."

இதை எந்த வரியில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

அன்றைக்கென்று பார்த்து கேஸ் தீர்ந்தது. அவள் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தாள். ஸ்பானரின் கைகள் தொடையில் துடித்தன. "வாஷரைப் பாத்து..." என்று அவன் வாய் திறந்ததுதான் தாமதம், மாமனார் பேப்பரைக் கீழே இறக்கினார்.

"பார்டர்லேர்ந்து குரல் இவ்வளவு தூரம் கேக்காது," என்றார் சுவரைப் பார்த்து.

அவள் வாஷரைப் பார்த்தாள், மாட்டினாள், சோப்புத் தண்ணீர் தடவிக் கசிகிறதா என்று சோதித்தாள், அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரு சொட்டு வியர்வைகூட இல்லை. ஸ்பானருக்குத்தான் சட்டை நனைந்துவிட்டது. மத்தியானம் பொறுக்கமாட்டாமல், "ஐயோ, கால் சுளுக்கிடுச்சு!" என்று அலறினானாம். யாரும் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே இரண்டு காலிலும் நன்றாக நடந்து போய்த் தண்ணீர் குடித்தானாம். மாமனார் எனக்கு இதை மணி நிமிஷத்தோடு ஒப்பித்தார். மனிதர் ஒத்திகையில் முழுசாக முங்கிவிட்டார் என்று எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

இரண்டாம் நாள் நான் மூன்றரை மணிக்குப் போனேன். அவள் கிளினிக்கிலிருந்து வந்து, பாப்பாவுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குளியலறைக் கதவை உள்ளிருந்து யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தாழ்ப்பாள் கையோட வந்துடுச்சு! யாராவது திறங்க!" என்று ஸ்பானரின் குரல்.

"ஒரு மணி நேரமா இதே கூத்து," என்றார் மாமனார். "நேத்து கால் சுளுக்கு, இன்னிக்குத் தாழ்ப்பாள். எப்படியாவது அவளைப் பேச வைக்கணும்னு பாக்கறான். ஏமாறுவோமா நாங்க?"

நானும் அறிவுகெட்டத்தனமாகத் தலையாட்டினேன். இதை மறைத்துப் பயனில்லை. பதினான்கு வருஷ அனுபவசாலி, பேனாவைத் திறந்து, 'கணவர் தலையிட முயற்சி, மூன்றாவது முறை' என்று எழுதினேன். எழுதி அடிக்கோடு வேறு போட்டேன்.

உள்ளே தட்டுவது நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் குளியலறைக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் மெதுவாக வெளியே வந்து, பாப்பாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குக் கிளம்பியது.

அவள் பால் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவர் பொய் சொல்லலாம். தண்ணி பொய் சொல்லாது," என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். மாமனார், "ஐயோ, கதவை உடைங்க, யாரையாவது கூப்பிடுங்க!" என்று கூடத்துக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். அவள் ஓடவில்லை. நேரே போய் மெயின் வால்வை மூடினாள். டூல் பெட்டியிலிருந்து ஸ்க்ரூட்ரைவரை எடுத்தாள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். நானும் பாப்பாவும் பின்னாலேயே போனோம். குளியலறை ஜன்னலில் கண்ணாடிப் பட்டைகள் வரிசையாகச் செருகியிருக்கும். முக்காலியில் ஏறி இரண்டு பட்டைகளை உருவி என் கையில் கொடுத்தாள். உள்ளே ஸ்பானர், தலை முதல் கால் வரை நனைந்து, கையில் குழாயின் திருகோடு நின்றுகொண்டிருந்தான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. பந்தயம் நினைவிருந்தது போலும். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"ஹலோ, என்னங்க, சௌக்கியமா? அங்க நல்ல மழை போல இருக்கே?"

"மழையாவது, மண்ணாவது! தாழ்ப்பாள் பிடி கழண்டு கையில வந்துடுச்சு. யாரும் திறக்கலியேன்னு சும்மா இருக்க முடியாம, சொட்டற குழாயைக் கொஞ்சம் முடுக்கிப் பாத்தேன், பிச்சுக்கிச்சு..."

"குழாயைத் தொடக்கூடாதுன்னு அக்கா சொல்லியிருந்தாங்களே."

"சொன்னாங்க." குரல் தணிந்துவிட்டது.

"சரி, பார்சல் ஒண்ணு அனுப்பறேன், வாங்கிக்கங்க." ஸ்க்ரூட்ரைவரை ஜன்னல் வழியே நீட்டினாள். "தாழ்ப்பாள் பட்டையில நாலு ஸ்க்ரூ இருக்கும். கீழ இருக்கறதை முதல்ல கழட்டுங்க. மேல இருக்கறதைக் கழட்டறப்ப கையைக் குடுத்துப் பிடிச்சுக்கங்க, இல்லேன்னா கால்ல விழும். அவசரப்படாதீங்க. வெச்சிடட்டுமா?"

ராணுவ லாரியின் இன்ஜினையே பிரித்துப் பூட்டுகிறவன், நல்ல பிள்ளையாக, "சரிம்மா," என்றான்.

நான் உள்ளே ஓடி வந்தபோது மாமனார் ஓட்டத்தை நிறுத்தியிருந்தார். தேங்கிய தண்ணீரில் நின்றுகொண்டு, உள்ளங்கையைக் குளியலறைக் கதவில் வைத்திருந்தார். "தம்பி, கேக்குதாடா? அப்பா இங்கதான் இருக்கேன்டா," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கதவு திறந்ததும் மகனின் தலையையும் கைகளையும் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் போய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

பந்தயம் போச்சு, மனிதர் இனி பிடித்த பிடியில்தான் நிற்பார் என்று நினைத்தேன். அவள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் பின்னால் போய் நின்றாள்.

"மாமா, நான் போன்லதான் பேசினேன். ஒரு உதவியும் கேக்கல."

"தெரியும். அது செல்லும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ சமாளிப்பேன்னு நேத்துக் காலையிலயே தெரியும்மா. சிலிண்டர் மாட்டறப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் என்ன மாமா?"

பாப்பா வந்து அவர் மடியில் உட்கார்ந்தது. இந்தத் தடவை மெத்துனு இருக்கிறது என்று சொல்லவில்லை.

"ஒரு மணி நேரம் என் பிள்ளை கதவைத் தட்டிட்டிருந்தான். நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன். பத்தடி தூரத்துல இருக்கறவனோட கஷ்டமே எனக்குத் தெரியல. அங்க போயிட்டான்னா எனக்கு எப்படித் தெரியும்? உனக்கு இந்த அம்மா இருக்காங்க, ஆபீஸ் இருக்கு. ஒண்ணுன்னா உனக்குத்தான் சொல்வாங்க. எனக்கு யார் சொல்வா? நான் ஊர்ல தனியா ஒரு வீட்டுல உக்காந்துகிட்டு, அவன் இருக்கானா இல்லையான்னு... நீங்க ரெண்டு பேரும் என் வீட்டுல இருந்தா, சேதி என் வீட்டுக்கு வரும்ல. அதுக்குத்தாம்மா கூப்பிட்டேன். உன்னால முடியாதுன்னு இல்ல. என்னால முடியாது."

முப்பத்தேழு வரியில் மெயின் வால்வு இருக்கிறது, மாற்றுச் சாவி இருக்கிறது. பெற்றவருக்கு ஒரு வரி கிடையாது. மனைவிக்கும் குழந்தைக்கும் மட்டும்தான் பயிற்சி தேவை என்று எந்த மடையன் முடிவு செய்தான்? நான்தான். எனக்கு அழுகை வந்தது. கோபமாக மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

அவள் படியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஈரச் சட்டையோடு ஸ்பானர் நிலைப்படியில் வந்து நின்றான். அவன் பேச வாயெடுத்தபோது நான் தடுத்தேன். இது அவன் பேசவேண்டிய இடமில்லை.

"மாமா, தினம் காலையில நான் வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி உங்களுக்கு போன் பண்றேன். சேதி வந்தாலும் பண்றேன், வராட்டியும் பண்றேன்."

"வராத நாளைக்கு என்னம்மா சொல்வே?"

அவள் யோசித்தாள். நான் பதினான்கு வருஷமாக எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாம் சரியாகிவிடும், தைரியமாக இருங்கள், நாங்கள் இருக்கிறோம். அதில் ஒன்றுகூட அவள் சொல்லவில்லை.

"வரலேன்னு சொல்றேன் மாமா. நீங்களும் நானும் சேர்ந்து பயப்படலாம்."

அவர் சட்டைப் பையிலிருந்து டி.சி. ஃபாரத்தை எடுத்து, நான்காக மடித்துப் பாப்பாவிடம் கொடுத்தார்.

"எத்தனை மணிக்குப் பண்ணுவே?" என்று கேட்டார்.

"ஏழே கால்."

"ஏழு மணிக்கே எழுந்து உக்காந்திருப்பேன்," என்றார்.