படமெடுத்த கொடி

பாம்பெண்டால் படமெடுக்க வேணும். அண்டைக்கும் அதைத்தான் சொன்னன், இண்டைக்கும் அதைத்தான் சொல்லுவன். படமெடுக்காத பாம்பைக் கொடியிலை போட்டு ஆரை வெருட்டிறது?

எண்பத்தெட்டாம் ஆண்டு, இஞ்சை இங்கிலீசுக்காரன்ரை நாட்டிலை. நான் அப்ப டெஸ்பினா எண்ட கிரேக்க மனுசியின்ரை தையல் ஃபக்டரியிலை வேலை. ஃபக்டரி எண்டு சொல்லுறது ஒரு மரியாதைக்குத்தான். கடையொண்டுக்கு மேலை ரெண்டு அறையும் கொஞ்ச மெஷினும். மனுசிக்கு வாய் பெரிசு, மனம் அதைவிடப் பெரிசு. மார்ச் மாதத் தொடக்கத்திலை ஒருநாள் என்ரை மெஷினுக்குப் பக்கத்திலை கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தா.

"சிவா, எனக்கு ஒரு கொடி தைச்சுத் தா" எண்டா. சிவனேஸ்வரி எண்டு முழுக்கச் சொல்ல அவவுக்கு நாக்குப் புரளாது.

என்ன கொடி எண்டு கேட்டன். துருக்கிச் சுல்தானுக்கு எதிரா அவையள் எழும்பின காலத்திலை எல்லாருக்கும் பொதுவா ஒரு கொடி இருக்கேல்லையாம். கப்பல் வைச்சிருந்த தீவுகள் தங்கடை தங்கடை கொடியைக் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போயிருக்குதுகள். டெஸ்பினாவின்ரை தீவு ஸ்பெட்செஸ். மார்ச் இருபத்தஞ்சு அவையின்ரை சுதந்திர நாள். அதை ஒட்டி வாற ஞாயிறு சேர்ச்சைச் சுத்தி ஊர்வலம் போவினம். ஹைட்ராத் தீவு ஆக்கள் கொடியோடை கும்பலா வருவினமாம். ஸ்பெட்செஸ் எண்டு சொல்ல அந்தச் சேர்ச்சிலை இவ ஒராள்தான்.

"போன வருசம் அந்த லெஃப்டெரிஸ் எல்லாருக்கும் முன்னாலை கேட்டவன், உங்கடை தீவு சண்டைக்கு வந்ததோ, இல்லாட்டி மீன் பிடிக்கப் போட்டுதோ எண்டு."

லெஃப்டெரிஸ் கோப்பிக்கடைக்காரன், ஹைட்ராவான்.

"இந்த முறை எங்கடை கொடி போகவேணும். இல்லாட்டி அந்தச் சேர்ச் வாசலை இனி மிதிக்கமாட்டன்" எண்டு சொல்லேக்கை மனுசிக்குக் கண் கலங்கிப் போச்சு. எனக்கும் பாவமாக் கிடந்தது. தாங்கோ தைக்கிறன் எண்டன்.

தந்த படத்தைப் பாத்தால், பழைய கலண்டரிலை வெட்டின துண்டு, முத்திரை அளவு. நடுவிலை சிலுவை. அதுக்குக் கீழை கவிழ்ந்த பிறை, சுல்தான் கவிழ்ந்தான் எண்டு அர்த்தமாம். ஒரு பக்கம் நங்கூரம், நங்கூரத்தைச் சுத்தி ஒரு பாம்பு, பாம்புக்கு முன்னாலை ஒரு பறவை. "சுதந்திரம் அல்லது சாவு" எண்டு கிரேக்க எழுத்து. எழுத்தை மட்டும் டெஸ்பினா வேறையாப் பெரிசா எழுதித் தந்தா. மற்றதெல்லாம் என்ரை கண்ணை நம்பித்தான்.

மனோர் பார்க் வீட்டுக் குசினி மேசையிலை விரிச்சு வைச்சுப் பாத்தன். பாம்பின்ரை தலை மசிஞ்சு போய்க் கிடந்தது. வாயடியிலை சிவப்பா ஒரு புள்ளி. நான் நயினாதீவிலை பிறந்தவள், எனக்கு இதை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அம்மனுக்குப் பூ எடுத்துக்கொண்டு கடலிலை நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறிச்சது. நாகம் ஒரு கல்லைச் சுத்திக்கொண்டு கிடந்தது, கருடன் எதிர்க்கல்லிலை இருந்தது. இஞ்சை கல்லுக்குப் பதிலா நங்கூரம், அவ்வளவுதானே. வாயிலை இருக்கிறது பூ இல்லாமல் வேறை என்ன?

நல்லா விரிஞ்ச படமா வெட்டி, அதிலை ரெண்டு கண் அடையாளமும் வைச்சு, வாயிலை ஒரு சிவத்தப் பூவும் தைச்சன். என்ரை மனுசன் பரமேஸ்வரன் தேத்தண்ணிக் கோப்பையோடை வந்து எட்டிப் பாத்தார்.

"இஞ்சேரும், உது கிரேக்கப் பாம்பெல்லே. அதுக்கு ஆர் செம்பரத்தம்பூ குடுத்தது?"

"நீங்கள் உங்கடை தேத்தண்ணியைக் குடியுங்கோ" எண்டன்.

ஞாயிற்றுக்கிழமைதான் வேலை முடிஞ்சது. கொடியைச் சுருட்டிக்கொண்டு, பட்டுச்சீலையும் உடுத்து, ரெண்டு பஸ் மாறிப் போனன். மனுசனும் என்ன நடக்குதெண்டு விடுப்புப் பாக்க வந்தார். சேர்ச் முற்றத்திலை கொடியை விரிச்ச டெஸ்பினாவுக்கு முகம் வெளிறிப் போச்சு.

"சிவா, பாம்பின்ரை கழுத்திலை ஏன் அகப்பை?"

"அது படம். எங்கடை நாட்டுப் பாம்பு அப்பிடித்தான் எழும்பும்."

"வாயிலை?"

"பூ."

"நாக்கு, சிவா. அது நாக்கு. பறவை அந்த நாக்கைக் கொத்துது. நீ தைச்ச பாம்பு பறவைக்குப் பூக் குடுக்குது. சண்டைக்குப் போன கொடியிலை, பூ."

பின்னாலை நிண்ட என்ரை மனுசன் இருமிறமாதிரிச் சிரிச்சார். வீட்டை வாங்கோ பாப்பம் எண்டு மனசுக்குள்ளை சொல்லிக்கொண்டன்.

டெஸ்பினா கொடியை மடிக்கத் தொடங்கினா. "லெஃப்டெரிஸ் சாகுமட்டும் இதைச் சொல்லிச் சிரிப்பான். நான் வீட்டை போறன்."

எனக்கு வந்துதே ஒரு கோவம். கண் பிதுங்கப் பிதுங்கத் தைச்ச கொடி. அதோடை, எங்கடை நாகத்தை அகப்பை எண்டு சொன்னால் பொறுக்கேலுமோ? கொடியின்ரை மற்றத் தலைப்பைப் பிடிச்சு இழுத்தன்.

"அது பறவைக்குக் குடுக்கிற பூ இல்லை. அம்மனுக்குக் கொண்டுபோற பூ. நடுக்கடலிலை பறவை மறிக்குது. அப்பவும் பாம்பு பூவைப் போட்டிட்டு ஓடேல்லை" எண்டு எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இங்கிலீசிலை முழுக்கதையையும் கொட்டித் தீர்த்தன்.

மடிச்ச கை நிண்டது. டெஸ்பினா என்னைப் பாத்தா. "அந்தப் பூ கடைசியிலை போய்ச் சேர்ந்ததோ?"

"ஓம், சேராமல் என்ன. அதுக்குத்தானே அங்கை கோயில் இருக்கு."

மனுசி பாம்பை ஒருக்கால் தடவிப் பாத்தா. பிறகு சிரிக்கத் தொடங்கினா, சிரிச்சு முடியக் கண்ணைத் துடைச்சா. "கொடிக்குக் கம்பு ரெண்டு கிடக்கு, நான் ஒராள். அந்தக் கம்பைப் பிடி."

"நான் உங்கடை ஆள் இல்லையே."

"எனக்கு வேறை ஆர் இருக்கினம்? பிடி."

பிடிச்சன். மணி அடிக்க ஊர்வலம் வெளிக்கிட்டுது. காத்து வந்து கொடியைத் தூக்க, படம் ஆடத் தொடங்கிச்சுது. சின்னன் பொன்னன் பிள்ளையளெல்லாம் ஹைட்ராக் கொடியை விட்டிட்டு எங்கடை பாம்புக்குப் பின்னாலை ஓடி வந்திட்டுதுகள். ரோட்டுக் கரையிலை நிண்ட கிரேக்கச் சனம் கை தட்டிச்சுது, என்ரை மனுசனும் வெக்கமில்லாமல் விசில் அடிச்சார். எனக்குச் சந்தோசத்திலை நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

ஒரு திருப்பத்திலை லெஃப்டெரிஸ் கிட்ட வந்தான். பாம்பைப் பாத்தான். என்ரை பொட்டையும் சீலையையும் பாத்தான்.

"ஸ்பெட்செஸுக்கு இப்ப ரெண்டு பேரோ?" எண்டு டெஸ்பினாவைக் கேட்டிட்டு என்னட்டைத் திரும்பினான். "நீங்கள் எந்தத் தீவு?"

எங்கடை முருகன் கோயிலிலையும் புதுசாச் சந்திக்கிற ஆக்கள் ஊரைத்தான் முதல் கேப்பினம். நயினாதீவு எண்டால், "ஓ, தீவோ" எண்டு இளக்காரமா ஒரு இழுவை இழுப்பினம். அந்த இழுவையைக் கேக்க ஏலாமல் மனுசன்ரை ஊர் கொக்குவிலைச் சொல்லிப்போட்டு நழுவிவிடுவன். இந்த மனுசரிட்டை எண்டால், தீவொண்டு இல்லாதவைக்குப் பிடிக்க ஒரு கொடியும் இல்லை.

"நயினாதீவு" எண்டன், மணிச் சத்தத்துக்கு மேலாலை கேக்கக்கூடியதா.

லெஃப்டெரிஸ் நெத்தியைச் சுருக்கினான். "அது எவடத்திலை இருக்கு?"

நான் வாய் திறக்க முந்தி டெஸ்பினா சொன்னா.

"எங்கடை தீவுக்குப் பக்கத்திலை."