தெற்கு வாயிலில் விடுபட்டவள்

வானளாவிய செம்மதில்களும், அவற்றைச் சூழ்ந்து அசையாது கிடந்த அகழியும், பொன்மஞ்சள் ஓடு வேய்ந்த கூரைகளும் இளவேனிற் கதிரில் ஒளிர, சீனப் பேரரசர்கள் ஏறக்குறைய ஐந்நூறாண்டுகள் வீற்றிருந்த பெய்ஜிங் அரண்மனையின் தெற்கு வாயிலிலே, சிட்னியின் டூங்கபியிலிருந்து சுற்றுலா வந்த பதினான்கு தமிழரும் காலையிலேயே வரிசையில் நின்றனர். அவர்களுள் சிவனேஸ்வரியின் நெஞ்சமே மிகுதியாய்த் துடித்தது. மருத்துவமனை ஆய்வகத்திற் பகலெல்லாம் குருதி சோதித்துக் களைத்தும், இவ்வரண்மனையின் ஒவ்வொரு மண்டபத்தையும் நூல்களிற் பயின்று, “பழைய வீட்டைப் பார்க்க அவ்வளவு தூரமோ?” என்று எள்ளிய கணவர் சிறிதரனை ஈராண்டு மன்றாடி அழைத்து வந்தவள் அவளே. அன்று மாலையே திரும்பும் வானூர்தி.

காவலர் அவளது கடவுச்சீட்டைப் பார்த்தார், பெயர்ப்பட்டியலைப் பார்த்தார், கையசைத்து மறுத்தார். கடவுச்சீட்டில் இருந்தது தந்தை பெயரோடு சிவனேஸ்வரி வேலாயுதம். பயணத்தை ஒழுங்குசெய்த கஜீவன் பட்டியலில் எழுதியிருந்ததோ சிவனேஸ்வரி சிறிதரன். அன்றைய நுழைவுச்சீட்டுகளோ முன்னரே தீர்ந்திருந்தன.

“குறை நினைக்காதேங்கோ அன்ரி. எல்லாரும் உங்களை மிசிஸ் சிறிதரன் எண்டுதானே சொல்லுறவை? அப்பிடியே போட்டிட்டன்,” என்றான் கஜீவன்.

“பாஸ்போட் கொப்பி அனுப்பினனான் எல்லோ? அதைத் திறந்தாவது பாத்தனீரோ?”

அவன் மற்றவர்களை வரிசைப்படுத்தத் திரும்பினான். சிறிதரன்தான் மறுமொழி சொன்னார்: “சரி, விடும். ரெண்டு பேரும் வெளியில நிண்டு என்ன பிரயோசனம்? நான் உள்ளுக்குப் போட்டு வாறன். வடிவாப் படம் எடுத்துக்கொண்டு வாறன்.”

கேட்டீர்களா, ஐயா, இந்தக் கொடுமையை! கசிந்து கசிந்து படித்தவள் வெயிலிலே. கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தவர் அரியணை மண்டபத்திலே! மனைவிக்காக ஒரு வேளை வெளியே நின்றால் மனிதருக்கு என்ன குறைந்துவிடும்?

“போங்கோ,” என்றாள் அவள்.

சினம் கால்களை உந்த, அகழிக் கரையோடே நெடுந்தொலைவு நடந்து, அரண்மனையின் வடபுறத்தே அகழி தோண்டிய மண்ணைக் குவித்தெழுப்பிய குன்றை அடைந்து, தன் கடவுச்சீட்டை நீட்டித் தானே சீட்டு வாங்கி, மூச்சிரைக்க உச்சியேறி நின்றாள். கீழே அரண்மனை முழுதும் விரிந்து கிடந்தது. எந்தக் கூரை எந்த மண்டபத்துடையது என்பதை ஒவ்வொன்றாய்ச் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது.

கைபேசி ஒலித்தது.

“எங்க நிக்கிறீர்? இங்க ஒரே சனம், எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. இந்தப் பெரிய மண்டபத்தில என்ன நடந்தது எண்டு ஒருக்காச் சொல்லும் பாப்பம்.”

“அது வேலாயுதத்தின்ர மகளுக்குத்தான் தெரியும்,” என்றாள் சிவனேஸ்வரி. “அவவை நீங்கள் வாசல்லயே விட்டிட்டுப் போட்டியள்.”

சினந்து சொன்ன சொல் சிறிதரனைத் தைத்திருக்கலாம். தைத்து என்ன பயன்? கூரைகள் அனைத்தையும் கண்டாள். ஆயினும் நூல்களிற் கற்ற அந்த முற்றங்களுள் ஒன்றிலேனும் அவள் கால் பதியவில்லை. அவள் பெயரை அவளிடம் கேட்டு எழுத ஒரு நொடி போதுமாயிருந்தது.